ஏழாவது பெட்டி

ஜாகிர் நல்ல மூளைக்காரன். அந்த மூளையை யாருக்காகச் செலவழித்தான் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

செம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். மற்ற கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். முடித்ததை நாலைந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, எழுத்து படத்தின் மேல் ஏறாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவோம். ஜாகிருக்கு அது பிடிக்காது. 2008இல் அவனே ஒரு புரோகிராம் எழுதினான். அதற்குப் படமும் எழுத்தும் எல்லாம் வெறும் பெட்டிகள். எது எதன் மேல் ஏறக் கூடாது, எது எதற்குக் கீழே வர வேண்டும் என்று விதியைக் கொடுத்தால், திரை எவ்வளவு அகலமானாலும் எழுத்து எவ்வளவு பெரிதானாலும் விதி நிற்குமா என்று கணக்குப் போட்டே சொல்லிவிடும். ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும்.

முதலாளி ஸ்ரீரங்கன் கெட்டிக்காரர். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் வெப்சைட்டை ஜாகிரிடம் கொடுத்தார். ‘விண்ணப்பிக்க’ பட்டனை அமுக்கும்வரை அதில் ஏழாவதாக வரும் பெட்டி எந்தத் திரையிலும் யார் கண்ணிலும் படக் கூடாது, ஆனால் சைட்டில் எங்காவது இருக்க வேண்டும் என்றார். அந்தப் பெட்டியில் இருந்தவை வேலைக்கான நிபந்தனைகள்; பட்டனை அமுக்கினாலே அவற்றை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஜாகிர் அதைப் படிக்கவே இல்லை. அவனுக்கு அதன் உயரமும் அகலமும் போதும்.

புரோகிராம் ஓர் ஓட்டையைக் காட்டியது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஓரத்துப் பெட்டி கீழே சரிந்து, அந்த இடத்துக்கு ஏழாவது பெட்டி ஏறி வந்தது. கண் மங்கியவர்கள்தான் அப்படி வைத்திருப்பார்கள், எங்கள் அக்கா மாதிரி என்று என்னிடம் சிரித்தான். மத்தியானத்துக்குள் அதையும் அடைத்துவிட்டான். ஸ்ரீரங்கன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.

அந்த அக்கா சித்திகா சேலையூரில் இருந்தாள். அவள் கணவன் மஹீன் ஏசி மெக்கானிக். அவனுக்கு வெளிநாட்டு வேலை தேடியபோது அவள் அதே சைட்டைப் பெரிய எழுத்தில் திறந்து பார்த்தாள். நம்பலாமா என்று தம்பியிடமும் கேட்டாள். எங்கள் ஆபீஸில் செய்ததுதான், நானே செக் பண்ணினேன் என்றான் அவன் பெருமையாக. மஹீன் பட்டனை அமுக்கி விண்ணப்பித்தான், விமானம் ஏறினான்.

ஐந்தாம் மாதம் ஒரு கம்ப்ரசருக்கு அடியில் மஹீனின் வலது கை நசுங்கியது. ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். மூன்று வருடம் பாஸ்போர்ட் எங்களிடம்தான், என்ன ஆனாலும் திரும்ப முடியாது, ஒப்புக்கொண்டுதானே வந்தாய் என்றார்கள் அங்கே வேலை கொடுத்தவர்கள். ஏழாவது பெட்டியில் இருந்தது அதுதான். கட்டுப் போட்ட கையோடு அவனைக் கிடங்கில் பெட்டி தள்ள வைத்தார்கள். கை அழுகத் தொடங்கியது.

சித்திகா ஏஜென்சியின் மேல் அரசு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதிகாரி நல்ல மனிதர். நிபந்தனையை வேண்டுமென்றே மறைத்தோம் என்று சைட்டைச் செய்தவன் எழுதிக் கொடுத்தால் போதும், ஏஜென்சியின் கழுத்தைப் பிடித்து ஆளை வரவழைத்துவிடலாம் என்றார். சித்திகா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் தலையாட்டினான்.

மறுநாள் ஸ்ரீரங்கன் அவனைக் கூப்பிட்டார். அதட்டக்கூட இல்லை.

“அந்த நிபந்தனை சைட்ல இருக்கா இல்லையா?”

“இருக்கு சார்.”

“அதை மட்டும் எழுதிக் குடு. உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே.”

எழுதிக் கொடுத்தான், கோழைப் பயல். வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை. புகாரை மூடிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சேலையூருக்குத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அதிகாரி ஏற்கனவே சித்திகாவிடம் சொல்லியிருந்தார். அவள் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. மஹீனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியிடம் நீட்டினாள்.

“மச்சான், எழுதிக் குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன் மச்சான்.”

“எனக்குத் தெரியும். நீ கீற வரைக்கும் எனக்கு இன்னா பயம். எப்போ வரலாம்னாங்க?”

ஜாகிர் அக்காவைப் பார்த்தான்.

“சொல்லுடா,” என்றாள் சித்திகா. “நீதானே எழுதின.”

“சீக்கிரமே மச்சான்,” என்றான்.

மஹீன் அங்கே தன் அறையில் இருந்தவர்களிடம், ஊருக்குப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்வது எங்கள் மூவருக்கும் கேட்டது.