ஜெரெஜாக் தீவிலிருந்து வந்த தாய்மாமன்

மதிய வெயிலில் செம்பனைப் பழம் புழுங்கும் வாசனை இருக்கிறதே... எண்ணெயும் புளிப்பும் கலந்து, சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. எண்பதுகளின் நடுவில் என் லோரி முழுக்க அந்த வாசனைதான்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் லோரி டிரைவர். குலை ஏற்ற என்னோடு வந்தவன் தனா. என்னைவிட நாலைந்து வயது இளையவன், நல்ல உழைப்பாளி. ஆனால் ஆலைக்குப் போகிற வழியில் ஒரு பாலம் வரும். அங்கே இறங்கிக்கொள்வான். நான் பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பாலத்தோடு எங்கள் வட்டாரத்தின், அதான் முக்கிமின், எல்லை முடிந்துவிடும். தாண்டினால் அவனுக்கு மறுபடியும் சிறை.

தனா ஜெரெஜாக்கிலிருந்து வந்தவன். பினாங்குக்கு எதிரே கடலில் இருக்கிற தீவு. வழக்கு, கோர்ட் எதுவும் இல்லாமல் பிடித்து வைக்கும் சட்டத்தில் கும்பல் ஆட்களை அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டார்கள். வெளியே விட்ட பிறகும் சொந்த ஊருக்குப் போக முடியாது. முன்பின் தெரியாத ஒரு ஊரில் இரண்டு வருஷம் இருந்து, போலீஸில் கையெழுத்துப் போட வேண்டும். ‘புவாங் டாயேரா’, அதாவது ஊர்கடத்தல் என்போம். வடக்கே கூலிம்காரனான தனா அப்படித்தான் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தான்.

முதலில் பெண்கள் அவனைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் அப்பாதான் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

“நானும் அந்தத் தீவுல கெடந்தவன்தாம்பா.”

அப்பா ஊரிலிருந்து வந்த கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததாம். எல்லாரையும் அங்கே இறக்கி அடைத்து வைத்தார்களாம். சிறையாவதற்கு முன்பு அது நோய்க்காரர்களை ஒதுக்கிய தீவு. தொழுநோய் ஆஸ்பத்திரியும் அங்கே இருந்திருக்கிறது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் பயம் தெளிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், “யாராச்சும் தப்பிச்சிருக்காங்களா தனா?” என்று சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

“ஏன் இல்ல? பினாங்கு கண்ணு முன்னாடிதானே இருக்கு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி லைட்டெல்லாம் தெரியும். கடல்ல புதுப் பாலம் கட்டுறதக்கூட நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம். பிளாஸ்டிக் கேன ஒடம்புல கட்டிக்கிட்டு நீந்துனவன் இருக்கான். நீரோட்டம் இழுத்துட்டுப் போய்ச் செத்தவனும் இருக்கான்லா.”

“கரை ஏறுனவன்?”

“ஏறுனவன் எங்க போவான்? நேரா வீட்டுக்குத்தான். போலீஸ் அவனுக்கு முன்னாடியே அங்க போய் உக்காந்திருப்பான்.”

எல்லாரும் சிரிப்போம். அவனும்தான் சிரிப்பான்.

இப்படிச் சொன்னவனே ஒரு நாள் பாலம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

“அண்ணே, வர்ற ஞாயிறு ஊர்ல என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அவ மாமியார் வீட்ல நான் சிங்கப்பூர்ல வேலை செய்றதா சொல்லி வச்சிருக்கு. நான் போகலன்னா வேற எவன் மடிலயாச்சும் வச்சுக் குத்திடுவாங்க. சனிக்கிழமை நீங்க ரவாங்குக்கு உரம் ஏத்தத்தானே போறீங்க? கேன்வாஸ் அடியில படுத்துக்கிறேன்ணே. அங்கேருந்து பஸ் ஏறிடுவேன்.”

“மாட்டுனா திரும்பத் தீவுதான்டா.”

“தெரியும்ணே.”

மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது நம் சனத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடி என்றால், ஊர் கேட்கிற கேள்விக்குத் தங்கச்சிதான் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் பெண்டாட்டி, பிள்ளை உண்டு. பிடிபட்டால் என் பாடும் திண்டாட்டம். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை. தனா கேன்வாஸை உதறி விரித்துக்கொண்டிருந்தான்.

தோட்டத்து முச்சந்தியில் பஸ் நின்றது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், மாமியார், மூட்டை முடிச்சு.

தனாவின் தங்கச்சி சரசு.

“நான் வர்றேன், நான் இல்லாம ஆரம்பிச்சிடாத” என்று அவன் கடை போனில் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அது போதாதா?

“நீ வந்தா வாசல்லயே அள்ளிக்கிட்டுப் போவானுங்க. அதான் நாங்களே வந்துட்டோம்ணே” என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

கிளம்புவதற்கு முன் மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அந்தம்மா என்ன சொல்வாரோ என்று நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் தனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“சிங்கப்பூரவிட இது எவ்வளவோ கிட்டதான். மொதல்ல தண்ணி குடுங்கம்மா.”

மறுநாள் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. சமையல் எங்கள் வீட்டில். காது குத்த நகை செய்யும் பத்தரை நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தேன். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாகத் தனா அழுதான். அவனைப் பார்த்துக் கதவைச் சாத்திய பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் முடிந்ததும் தனா கூலிமுக்கே போய்விட்டான். தீபாவளிக்குத் தவறாமல் போன் வரும். ஜெரெஜாக் சிறையையும் மூடிப் பல காலம் ஆயிற்று. இப்போது அங்கே படகேறிச் சுற்றிப்பார்க்கப் போகிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பெயரே மாறிவிட்டது.

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்தினோம். ரவாங்கில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்... ஏர்கான் கடை... கையில் ஒரு கருவி, ‘டக்’ என்று முடிந்துவிட்டது. குழந்தையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். தாய்மாமனுக்கு, அதாவது என் மகனுக்கு, அன்றைக்கு ஏதோ மீட்டிங். வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

“அழுதாளாப்பா?”

“ம்... கொஞ்சம்.”

அவனும் நல்ல பிள்ளைதான். தோடு, சங்கிலி எல்லாம் குறையில்லாமல் முன்னாடியே வாங்கிக் கொடுத்துவிட்டான்.

அவன் இருப்பது சுங்கை சோவில். அங்கிருந்து ரவாங்குக்குக் காரில் கால் மணி நேரம்கூட ஆகாது.