நைனா படித்த அட்டை

எங்கள் குப்பத்தில் நைனாவுக்கு மட்டும்தான் விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தது.

பொழுது சாய்ந்ததும் அம்மா லாந்தரை ஏற்றி வாசல் ஆணியில் மாட்டுவாள். நைனா கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வட்டமா கட்டிகினு நிக்குதுடா. வெளிய செவப்பு, உள்ள நீலம். உனக்குத் தெர்ல?"

எனக்குத் தெரியவில்லை. கண்ணை இடுக்கினேன், அகல விரித்தேன், விளக்குக்கு அருகில் போய் மூக்கைச் சுட்டுக்கொண்டேன். எத்தனை முயன்றும் சாதாரண லாந்தர் சாதாரண லாந்தராகவே எரிந்தது. ஐந்தாம் வகுப்பில் வானவில்லின் ஏழு நிறங்களையும் வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவன் நான். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அப்படிப்பட்ட எனக்குத் தெரியாதது, ஒரு எழுத்தும் படிக்காத நைனாவுக்குத் தெரிகிறதே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மறுநாள் வகுப்பில் அதையே பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் நைனாவுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. உப்புக்காற்று என்று சொல்லி அம்மா சுக்கு இழைத்துப் பற்றுப் போடுவாள். நடக்கும்போது பக்கத்தில் இருப்பதை எல்லாம் இடித்துக்கொள்வார். தண்ணீர்ப் பானை ஒன்று உடைந்தது. கோழிக் கூண்டு இரண்டு முறை உருண்டது. "இன்னாய்யா, பராக்கு பாத்துகினே நடக்கிற?" என்று அம்மா திட்டுவாள். "உன்னத்தான் பாத்துகினு வந்தேன்" என்பார் நைனா. அம்மா சிரித்துவிடுவாள். பேச்சு அதோடு முடிந்துபோகும்.

ஆனால் ஏரியில் இடித்தது அப்படிச் சிரிப்போடு போகவில்லை. பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடும் இடங்களைப் பாடு என்போம். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டு குலுக்கி, எந்தப் பாட்டில் யாருக்கு எந்த முறை என்று வைப்பார்கள். சீட்டில் பேர் இருக்கிற வரைக்கும்தான் ஒருத்தன் ஏரிக்காரன். அந்த வருஷம் நைனா, அடுத்தவர் வலைகட்ட நட்டிருந்த கழிகள்மேல் இரண்டு தடவை தோணியை விட்டுவிட்டார். கழிக்குச் சொந்தக்காரரான பங்காளி அதை ஊர்க்கூட்டத்தில் வைத்தார்.

"ஒரு தபான்னா பரவால்ல. ரெண்டு தபா! மாமரம் மாதிரி நிக்கிற கழி தெர்லயாம். இவனுக்குக் கண்ணு முதுகுல கீதா இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊர்ப்பெரியவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம பள்ளிக்கூடத்துக்குக் கண்ணு டாக்டருங்க வர்றாங்களாம். போய்க் காட்டு. கண்ணு நல்லா கீதுன்னு எழுதி வாங்கினு வா, சீட்டுல பேரு போட்டுக்கலாம். இல்லன்னா உன் பேர எடுத்துட்டு உன் பையன் பேர எழுதிடலாம். தோணியில ஏத்து அவன. படிச்சு இன்னா கலெக்டரா ஆவப் போறான்?"

தோணியில் ஏறலாம் என்றதில் எனக்கு உள்ளூர சந்தோஷம். நைனா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். அன்று லாந்தரைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டார்கள். மேலே பெரிதாக ஒரு 'ப'. அதற்குக் கீழே 'ட', 'ம'. கீழே போகப்போக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வந்தன. அதைப் படிக்கத் தெரியாதவர்களை டாக்டரம்மாவே எதிரே உட்காரவைத்துப் பார்ப்பாராம் என்று வீட்டுக்கு வந்து சொன்னதும் நைனா வலைபின்னுவதை நிறுத்தினார்.

"அதுல இன்னா எழுதிக்கீது, மொத்தமும் தெரியுமா உனக்கு?"

கேள்வியைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நாலு பேர் எதிரில் படிக்கத் தெரியாது என்று சொல்ல நைனாவுக்கு வெட்கம். இதற்கு நான் இருக்கிறேனே! பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடி, அட்டை முழுவதையும் சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். நைனா சிலேட்டைப் பார்க்கவில்லை. "எழுத்து வேணாம். நீ வாயால சொல்லு" என்றார். சொன்னேன். அவர் அதைக் கழி நடுவது மாதிரி மனதில் நட்டுக்கொண்டார். "மொத கழி ப. ரெண்டாவது வரிசைல ட, ம. மூணாவதுல க, ர, ன..." ஒரு இடத்தில் தடுக்கினால் மறுபடி கரையிலிருந்து ஆரம்பிப்பார். தூங்குவதற்குள் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டார். நான் அவர் தலையில் தட்டிக்கொடுத்தேன். எனக்கு முதல் மாணவன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இரண்டு வரிசை. படிக்கத் தெரியாதவர்கள் உள்ளே டாக்டரம்மாவிடம் போகவேண்டும். அவர் ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, மூக்கை நேராகப் பார்க்கச் சொல்லி, காதுப் பக்கத்திலிருந்து விரலை மெல்ல முன்னே கொண்டுவந்து, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு வெளியிலேயே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அட்டையைக் காட்டினார்.

"படிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றார் நைனா. என் நெஞ்சு விம்மியது.

குச்சி 'ப'வைத் தொட்டது. நைனா ஆரம்பித்தார். ட, ம, க, ர, ன... குச்சி மூன்றாவது வரிசையில் இருந்தபோது நைனா ஐந்தாவதை முடித்துவிட்டார். "யோவ், என் குச்சி வரட்டும்யா!" என்று சிரித்த சட்டைக்காரர், கையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"தலைவலி உண்டா?"

"இல்ல சார்."

"விளக்கைப் பார்த்தா சுத்தி கலர் கலரா வளையம் தெரியுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வானவில் இவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வாய் திறந்தேன். நைனாவின் உள்ளங்கை என் பிடரியில் வந்து அழுத்தியது. வலிக்கவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

அது எங்கள் வீட்டு வானவில், ஊருக்குக் கொடுக்க நைனாவுக்கு மனசில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் நைனா பேர் நின்றது. என் பேர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் நின்றது.

ஆறு வருஷம் கழித்து, கைத்தாங்கலாக நைனாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். விளக்கைச் சுற்றி வளையம், தலைவலி, பக்கத்தில் இருப்பதை இடித்துக்கொள்வது என்று எங்கள் வீட்டுக் கதையை ஒன்றொன்றாக அவரே சொன்னார். "இதெல்லாம் முன்னாடியே வந்திருக்குமே. அப்பவே வந்திருந்தா மிச்சத்தையாவது காப்பாத்தியிருக்கலாம். ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

நைனா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பையன் எஸ்எஸ்எல்சி முடிச்சிட்டான் சார்" என்றார்.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த வெள்ளிக்கிழமையைத்தான். திரும்பும்போது ஏரிக்கரை ஈரமணலில் நடந்துவந்தோம். நைனா உற்சாகமாக இருந்தார். அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தார்.

"டேய், ட-வுக்குப் பக்கத்துல ஒண்ணு சொன்னியே, ம. அது எப்படி இருக்கும்?"

நான் அவருக்கு வலப்பக்கமாகக் குந்தி, சுள்ளியால் முறம் அளவுக்குப் பெரிதாக ஒரு 'ம' எழுதினேன். எழுதி நிமிர்வதற்குள் நைனா "எங்கடா?" என்று ஒரு அடி எடுத்துவைத்து, அதன்மேலேயே காலை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நைனா! படிப்ப மிதிக்கக் கூடாது. தொட்டுக் கண்ல ஒத்திக்கோ."

நைனா சட்டென்று காலை எடுத்தார். தலையை முழுவதும் திருப்பி, தான் மிதித்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அழிந்துபோன எழுத்தை விரல்களால் தொட்டு, வலது கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடது கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடியும் குனிந்து தொட்டார்.

"ஒரு தபா போதும் நைனா" என்றேன், பெரிய மனது பண்ணி.