கான்ஸ்டபிள் கேட்ட நாவல்

என் முதல் நாவலை அரசாங்கம் தடை செய்து, என்னையும் பிடிக்க ஆள் அனுப்பியது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்து மைசூரில் ஒண்டிக்கொண்டேன். விஜயநகரில் ஒரு மாடி அறை. தங்க அனுமதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: அரசியல் எழுதக் கூடாது, எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

நானாவது எழுதாமல் இருப்பதாவது! வந்த வாரமே இரண்டாவது நாவலைத் தொடங்கிவிட்டேன். மகனை வீட்டில் ஒளித்துவைத்த தாய், வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய். அதில் அரசியல் இல்லையென்றால் வேறெதில் இருக்கிறது?

வியாழக்கிழமைதோறும் ஒரு கான்ஸ்டபிள் வருவார். நான் என்ன எழுதுகிறேன் என்று பார்த்து மேலதிகாரியிடம் சொல்வது அவர் வேலை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால்காரர். தமிழ் அருவியாய்க் கொட்டும், வாசிக்க மட்டும் வராது.

"நான் படிச்சதெல்லாம் கன்னடந்தானுங்கம்மா. நீங்களே படிச்சுச் சொல்லிப்போடுங்க."

ஏதாவது சமையல் குறிப்பை வாசித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் மாதக்கணக்காக என் எழுத்தைக் கேட்க நாதியில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்தால் எழுதுகிறவளுக்குப் புத்தி வேலை செய்யுமா? முதல் அத்தியாயத்தை அப்படியே வாசித்துவிட்டேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வியாழன் காலையிலேயே வந்து நின்றார். "அப்புறம் என்னாச்சுங்க?"

அதன்பிறகு எனக்கு எழுத்து பிய்த்துக்கொண்டு போனது. "உங்க தமிழ் பாதி வெளங்கலீங்க, ஆனா அழுகை வருதுங்க" என்பார். அந்த ஒரு ஆளுக்காகவே வியாழனுக்குள் அத்தியாயத்தை முடிப்பேன்.

அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் விறைப்பாக நின்ற கான்ஸ்டபிளிடம் கன்னடத்தில் கேட்டார்: இந்த அம்மா என்ன எழுதுகிறார்?

"சம்சாரத கதெ சார். ராஜகீய ஏனூ இல்ல."

குடும்பக் கதையாம். அரசியல் ஒன்றுமே இல்லையாம்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரி கொட்டாவி விட்டபடி முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் கான்ஸ்டபிளை வழிமறித்தேன். "ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீங்கள்? அதிலை முழுக்க அரசியல்தானே?"

"எனக்குத் தெரியாதுங்களாம்மா? நாலு மாசமாக் கேட்டுக்கிட்டு வரேன்." குரலைத் தாழ்த்தினார். "கதை பாதியில நிக்குது. உங்கள அனுப்பிப்போட்டா மீதிய யாரு சொல்லுவாங்க?"

என் புத்தகத்தை ஓர் அரசாங்கமே சேர்ந்து நிறுத்தப் பார்த்தது. இங்கே அதன் அடுத்த அத்தியாயத்துக்காக ஒரு போலீஸ்காரர் தன் வேலையையே பணயம் வைத்துப் பொய் சொல்லியிருக்கிறார். நடுத்தெருவில் நின்று கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். வென்றுவிட்டேனடா என்று கடலுக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.