எதிர்மனுதாரரின் வண்டியில்

மனுதாரர் நான். முதல் எதிர்மனுதாரர், என்னை இடித்த டெம்போவின் சொந்தக்காரர். அவரேதான் டிரைவர். இரண்டாம் எதிர்மனுதாரர், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனி. தர்மபுரி நீதிமன்றத்தில் என் வழக்குக் கட்டின் மேல் இப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் வாய்தா நாளில் மனுதாரரும் முதல் எதிர்மனுதாரரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவோம். அதுவும் என்னை இடித்த அதே வண்டியில். எங்கள் இருவருக்கும் நடுவில் என் அம்மா உட்கார்ந்திருப்பார்.

இதில் தப்பு இருக்கிறது என்று எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அன்று பள்ளி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டின் ஓரமாக, மண்ணில்தான் நடந்துகொண்டிருந்தேன். தக்காளி ஏற்றிய டெம்போ திருப்பத்தில் என் பின்னால் வந்தது. கீழே விழுந்த செல்போனை எடுக்கக் குனிந்தாராம் அவர். அந்த ஒரு நொடியில் நான் பள்ளத்தில் கிடந்தேன். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண்ணுக்கு நேரே வண்டியின் நம்பர் பிளேட். எண்கள் எனக்குச் சுலபமாக மனதில் நிற்கும். அதுவும் நின்றது.

அவர் ஓடிவிடவில்லை. தக்காளிப் பெட்டிகளை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, அந்த வழியாக வந்த பெண்களை உதவிக்குக் கூப்பிட்டு, என்னை வண்டியில் படுக்க வைத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கன்னடத்தில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். அதைக் கேட்டுத்தான் நான் சாகப்போகிறேன் போலிருக்கிறது என்று பயந்தேன்.

அவசரப் பிரிவில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தலையைத் திருப்பினேன். ‘டூ வீலர் மோதி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது தெரிந்தது.

“சார், டூ வீலர் இல்லைங்க. டெம்போ” என்றேன். வண்டி நம்பரையும் சொன்னேன். “கூட்டிட்டு வந்தவர் அவர்தான், அதையும் எழுதிக்கோங்க.”

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதியதை அடித்து, திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“கால் ஒடிஞ்சு கெடக்கறப்பவும் நோட்டுத் திருத்தறியே, கண்ணு!”

காலில் பிளேட் வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். என் வேலை நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. பிளேட்டை எடுக்கும்வரை இரண்டாவது பீரியடிலேயே கால் வீங்கிவிடும். முதல் ஆபரேஷனுக்கே அம்மா ஒரு மாட்டை விற்றுவிட்டார். அதனால் இழப்பீடு கேட்பது என்று படுக்கையிலேயே முடிவு செய்தேன். போலீசுக்கான புகாரை நானே எழுதினேன், இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

புகார் என்றதும் டெம்போக்காரர் நடுங்கிப்போனார். மனைவியோடு வார்டுக்கு வந்தார். மனைவியின் கையில் தூக்குப்போசி நிறைய ஆட்டுக்கால் சூப்பு.

“கேஸு கீஸு வேண்டாம் பாப்பா. வண்டியப் புடிச்சிக்கிட்டாங்கன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது.”

“உங்ககிட்ட யாருங்ணா பணம் கேட்டாங்க? இன்சூரன்ஸ் இருக்குதில்ல, கம்பெனிதான் குடுக்கும். நீங்க நடந்தத நடந்தபடி சொன்னா போதும்” என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். “படிச்ச புள்ள சொல்லுது, கேளு தம்பி. மொதல்ல அந்தச் சூப்ப ஊத்து, ஆறிப்போவுது” என்றார் அம்மா.

டெம்போக்காரர் போலீஸ் வழக்கில் தப்பை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார். நான் எலும்பு கூடும்வரை சூப்பு குடித்தேன்.

இழப்பீட்டு வழக்கில் அவருக்கும் நோட்டீஸ் போனது. என் வக்கீல் மேடம் அவரிடம், “நீங்க வராட்டியும் ஒண்ணும் இல்ல, கம்பெனி வக்கீல் பாத்துக்குவார்” என்று சொல்லிப்பார்த்தார்.

“கவர்மெண்டு முத்திர குத்திக் கூப்புட்டிருக்காங்க. போகாம இருந்தா மரியாத இல்லீங்களே!”

ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேய்த்த வெள்ளைச் சட்டையில் கிளம்பினார். பஸ் படி ஏற எனக்கு முடியவில்லை. “அந்தத் தம்பி அங்கதான போவுது, நாமளும் ஏறிக்கலாம்” என்றார் அம்மா. ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் அம்மாவின் உத்தரவுதான். “மெதுவா, தம்பி. ஒரு தடவ இடிச்சது போதும்.”

என்னை விசாரிக்கும் நாள் வந்தது. கூண்டில் ஏறி நின்றேன். கால் வலித்தால் உட்காரலாம் என்றார் நீதிபதி. நின்றே சொல்கிறேன் என்றேன். கம்பெனி வக்கீல் ஒரு போட்டோவை எடுத்து என்னிடம் காட்டினார். நீதிமன்ற வாசலில் டெம்போ நிற்கிறது. நான் இறங்குகிறேன். முதல் எதிர்மனுதாரர் என் பையையும் அம்மாவின் சாப்பாட்டுக் கூடையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்று பேரும் சிரிக்கிறோம். நல்ல போட்டோ.

எங்கள் வக்கீல் மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“எதிர்மனுதாரர் வண்டியிலதான் கோர்ட்டுக்கு வர்றீங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்ததா?”

“சாப்பாடு இல்லைங்க. சூப்பு.”

“எத்தனை தடவை குடிச்சீங்க?”

“எண்ணலைங்க.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. “உங்களை இடிச்சது ஏதோ அடையாளம் தெரியாத வண்டி. இன்சூரன்ஸ் பணத்துக்காக, உங்களுக்கு வேண்டப்பட்ட இவரோட பேசி, இந்த வண்டியை வழக்கில் கொண்டுவந்து வச்சு, நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்றேன்.”

அதுவரை எனக்குப் பயம் இல்லை. பொய் என்ற சொல் காதில் விழுந்ததும் காது சுட்டது. வழக்கு தோற்றால் ஆபரேஷன் நடக்காது என்பது ஒன்று. அதைவிட, டீச்சர் பொய் சொன்னாள் என்று ஒரு நீதிமன்றக் காகிதத்தில் ஏறிவிடும். எங்கள் வீட்டிலிருந்து எழுதிப் போன முதல் புகாரே பொய் என்று ஆகிவிடும்.

“விபத்துப் பதிவேட்டைப் பாருங்க ஐயா” என்றேன். வழக்குக் கட்டு முழுவதையும் நான் வீட்டில் இரண்டு முறை படித்திருந்தேன். “அதுல வண்டி நம்பர் இருக்குது. கூட்டிட்டு வந்தவர்னு இவர் பேர் இருக்குது. விபத்து நடந்து ஒரு மணி நேரத்துல எழுதினது. அந்த ஒரு மணி நேரமும் நான் கால் ஒடிஞ்சு தக்காளிப் பெட்டிங்களுக்கு நடுவுல படுத்திருந்தேன். இவர் பேரே எனக்கு ஆஸ்பத்திரியிலதான் தெரியும்.”

வக்கீல் அந்தத் தாளைத் தேடி எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது. “இதுல டூ வீலர்னு எழுதி அடிச்சிருக்கே! யார் திருத்தினது?”

“டாக்டர்தாங்க. பக்கத்துல கையெழுத்து இருக்கு பாருங்க. தப்பா எழுதினாருங்க, நான்தான் திருத்தச் சொன்னேன்.”

நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார். “ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டா?”

“ஆமாங்க ஐயா. ஸ்பெல்லிங் சரியா இருந்தது. விஷயம்தான் தப்பு.”

இந்த முறை நீதிபதியும் சிரித்தார்.

வெளியே வந்ததும் மேடம் எங்கள் மூவரையும் வேப்பமரத்தடியில் நிற்க வைத்துத் திட்டினார். “எதிர்க்கட்சியோட ஒரே வண்டியில வர்ற கட்சிக்காரங்கள என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. தீர்ப்பு வர்ற வரைக்கும் தனித்தனியா வரணும், ஆமா!”

“பஸ்ஸுல புள்ள எப்பிடி ஏறும் மேடம்?” என்றார் எதிர்மனுதாரர் மெதுவாக.

“நீங்க பேசாதீங்க. நீங்க எதிர்க்கட்சி!”

அடுத்த வாய்தாவிலிருந்து நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் கைகொடுத்து ஏற்றிவிடுவார். ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி டெம்போ வந்துகொண்டிருக்கும், இடைவெளி விட்டு, மிக மெதுவாக.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கேட்டதில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் போதும், ஒரு மாட்டுக்கும் போதும். மேல்முறையீட்டுக்குக் கம்பெனி போகவில்லை. இப்போது பிளேட் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கடைசி பீரியடில்கூட நின்றே பாடம் நடத்துகிறேன்.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்த அன்று, திரும்பும்போது டெம்போவிலேயே ஏறினோம். இனி யார் போட்டோ எடுத்தால் என்ன! ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்கும் அவருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மனுதாரரின் சாட்சியம் நம்பத்தகுந்தது என்ற வரி வந்ததும் இரண்டு முறை படித்தேன். பதிவேட்டில் மனுதாரரே பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தச் செய்தது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது என்பதை மூன்று முறை. ஒரே வண்டியில் வந்ததை மட்டும் வைத்துச் சதி என்று சொல்ல முடியாது என்ற வரிக்கு டெம்போக்காரர் ஹாரன் அடித்தார்.

அம்மா கடைசிப் பக்கம்வரை பொறுமையாகக் கேட்டார்.

“சூப்பப் பத்தி எழுதலையா?”

“இல்லம்மா.”

“அதையும் எழுதியிருக்கலாம்” என்றார். “நல்ல சூப்பு.”