பக்கா என்று கேட்டவன்

என் மருமகள் ஒரு தேர்வில் தோற்றாள். தோற்கடித்தவன் நான். வீட்டில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. எழுதியும் வைத்துவிடுகிறேன்.

தேஹு ரோடு பக்கம் பாதுகாப்புத் துறைக் கிடங்குகளில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். தணிக்கைக்காரன் அதிகம் பேசத் தேவையில்லை. ஸ்டோர்கீப்பர் ஓர் எண்ணிக்கை சொல்வார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "பக்கா?" என்பேன், நிச்சயம்தானா என்ற அர்த்தத்தில். மனிதர் மேலே மின்விசிறியைப் பார்ப்பார். மின்விசிறியைப் பார்ப்பவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது என் சித்தாந்தம். முதுகுக்குப் பின்னால் என்னை 'பக்கா ஸாப்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது தெரியும். பிடித்தும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஒருமுறை மனைவியிடம், சாம்பாரில் உப்புப் போட்டது பக்காவா என்று கேட்டுப் பார்த்தேன். அன்று எனக்குச் சாம்பாரே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மருமகள் கணினி நெட்வொர்க் படிக்கத் தொடங்கினாள். கோயம்புத்தூர்ப் பெண், கணிதம் படித்தவள். குழந்தைக்காக வேலையை விட்டிருந்தாள். குழந்தை பால்வாடிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வேலைக்குப் போக நினைத்தாள். ஹிஞ்சவடியில் ஒரு கம்பெனியில் அவளுடைய தோழி இருந்தாள். ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்றைத் தீபாவளிக்குள் வாங்கிக் காட்டினால் சப்போர்ட் குழுவில் இடம் உண்டு என்று அந்தத் தோழி சொல்லியிருந்தாள். வகுப்புக்கெல்லாம் போக வழியில்லை. தடித்த புத்தகம் ஒன்று, யூடியூப், என் மகன் எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய ரவுட்டரும், கணினிகளை இணைக்கும் ஸ்விட்சும். எங்கள் ஆகுர்டி வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஆய்வுக்கூடமாயிற்று.

நானும் கூடப் படிக்கிறேன் என்றேன். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

முதல் சில அத்தியாயங்களில் நான்தான் முன்னால் போனேன். ஒரு செய்தி ஏழு அடுக்குகள் இறங்கிக் கம்பிக்குள் போய், மறுமுனையில் ஏழு அடுக்குகள் ஏறுவதை, கோப்பு ஒன்று அதிகாரியிடமிருந்து குமாஸ்தாவரை இறங்குவதோடு ஒப்பிட்டு அவளுக்கு விளக்கினேன். பிறகு சப்நெட் வந்தது. பெரிய முகவரித் தொகுப்பு ஒன்றைச் சின்னச் சின்னப் பேட்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு முகவரியைக் கொடுத்தால் அது எந்தப் பேட்டை, அந்தப் பேட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டும். நான் காகிதத்தில் ஒன்றும் சுழியுமாக எழுதிக்கொண்டிருப்பேன். அவள் வெந்தயக்கீரை ஆய்ந்தபடியே விடையைச் சொல்லிவிடுவாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருந்தது எரிச்சல்.

தன்னைக் கேள்வி கேட்டுத் தயார்செய்யும்படி அவளே ஒருநாள் கேட்டுக்கொண்டாள். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஸ்விட்ச் எந்த அடுக்கில் வேலை செய்கிறது என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டாவதுங்க மாமா."

சரியான விடை. என் கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

"பக்கா?"

கீரை ஆய்ந்த கை நின்றது. அவள் மேலே பார்த்தாள். எங்கள் வீட்டிலும் மின்விசிறி இருக்கிறது.

"மூணுங்களா?"

வெகுநாளைக்குப் பிறகு என் உடம்பில் ரத்தம் ஓடியது.

அன்றிலிருந்து அதுவே என் பொழுதுபோக்கு. அவள் தவறாகச் சொன்னால் அன்பாகத் திருத்தினேன். சரியாகச் சொன்னால் கண்ணாடியைத் துடைத்தேன். சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இடையிடையே தவறான விடைகளுக்கும் ஒரு பக்கா தூவினேன். அவள் பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலில் சொன்னதே சரி, நான்தான் குழம்பிவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். கவனம் வேண்டுமம்மா என்று நான் உபதேசம் செய்வேன்.

என் மனைவி மட்டும் கவனித்துவிட்டாள். "மருமகளப் படுத்தறதுக்கு மாமியார்னு ஒருத்திய வெச்சிருக்காங்க. அந்த வேலையையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தேன்.

தேர்வு ஷிவாஜிநகரில். லோக்கல் ரயிலில் நானும் கூடப் போனேன். அந்தத் தேர்வில் ஒரு விதி உண்டு. கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து விடையை மாற்ற முடியாது. வெளியே வடாபாவ் தின்றுகொண்டு காத்திருந்தேன். அவள் இறங்கி வந்தபோது முகத்தைப் பார்த்ததும் மீதியைத் தின்ன முடியவில்லை.

ரயிலில் கட்கி தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நேரம் பத்தலீங்க மாமா. ஒவ்வொரு விடையையும் அமுக்கப் போறப்ப, நீங்க பக்கத்துல உக்காந்து பக்கானு கேக்கற மாதிரியே இருந்துச்சு. மறுபடி போட்டுப் பாப்பேன். அதே விடைதான் வரும். மறுபடி கேப்பீங்க."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை அவள் ரவுட்டரையும் ஸ்விட்சையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இனிமேல் படிப்பு ஏறாது, தோழியிடம் வேலை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறேன், ரத்திக்காரன் பழைய பேப்பர் எடுக்க வந்தால் புத்தகத்தையும் போட்டுவிடுங்கள் என்றாள்.

"நீ தப்பா சொன்னப்ப நான் பக்கா கேக்கலம்மா. சரியா சொன்னப்பதான் கேட்டேன்" என்றேன்.

"எல்லாத்துக்கும்தானே கேட்டீங்க?"

"இல்ல. நீ கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு நடுவுல ஒண்ணு ரெண்டு தப்பானதுக்கும் கேட்டேன்."

"எதுக்குங்க மாமா?"

இதற்கு அழகான பதில் ஒன்றை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உன் மனதை உறுதிப்படுத்தத்தான் என்பது அது. வாய்வரை வந்தது.

"நீ என்னை முந்திட்ட" என்றேன்.

அவள் ஒரு கேபிளைக் கையில் சுற்றினாள். பிறகு பிரித்தாள். உள்ளே போய்விட்டாள்.

சில நாட்களுக்குத் தேநீர் மனைவி மூலமாக வந்தது. சாப்பாட்டு வேளையில் மட்டும் மருமகளே பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுங்களா, ரசம் போதுங்களா என்று அப்படியொரு மரியாதை. அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம். மகனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் புதியதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டான்.

பிறகு ஒரு காலையில் நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளின் மேல் அந்தத் தடித்த புத்தகம் வந்து விழுந்தது.

"கேளுங்க. சரியோ தப்போ, ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பக்கா கேளுங்க."

"வேண்டாம்மா."

"உங்க குரல் எங்காதுல இருந்து போற வரைக்கும் கேக்கோணுங்க."

கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தபடி முணுமுணுத்தேன். அவள் விடவில்லை.

"இப்படி இல்லீங்க. கண்ணாடியக் கழட்டித் துடைங்க."

துடைத்தேன். முதல் வாரம் அவள் கண் மேலே போய்ப் போய் வந்தது. அப்புறம் பாதிவரை போய்த் திரும்பியது. கடைசியில் நான் கண்ணாடியைத் தொடும்போதே, "பக்காதாங்க, அடுத்ததுக்குப் போங்க" என்று அதட்டினாள். அதோடு நிற்கவில்லை. பிரஷர் மாத்திரை போட்டேனா என்று என்னைக் கேட்டாள். போட்டேன் என்றேன். "பக்கா?" என்றாள். நான் எழுந்து போய் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். மனைவி சமையலறையில் சிரித்தது கூடம்வரை கேட்டது.

அவள் இரண்டாம் முறை எழுதியது தீபாவளிக்குப் பிறகுதான். இந்தத் தடவை நான் கூட வரக் கூடாது என்பது நிபந்தனை. மத்தியானம் போன் வந்தது.

"பாஸுங்க மாமா."

என் கை கண்ணாடிக்குப் போய்ப் பாதியில் திரும்பியது.

"கேளுங்க."

"வேண்டாம்மா."

"கேளுங்கன்னா."

கேட்டேன்.

"பக்காங்க" என்றாள். உடனே சொன்னாள்.

ஹிஞ்சவடி இடத்தில் அதற்குள் வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். அது என் கணக்கில்தான் நிற்கிறது. இப்போது சின்ச்வடில், அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். ஹிஞ்சவடியில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் சில நாட்களில் ஏணி ஏறிக் கேபிள் இழுத்துவிட்டு முழங்கையில் சுண்ணாம்போடு வருகிறாள்.

புத்தகம் இப்போது என்னிடம். தேர்வு எழுதியே தீர வேண்டும் என்று அவள் உத்தரவு. வேலையிலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டே கேள்வி கேட்கிறாள். நான் விடை சொல்கிறேன். அவளுக்குக் கண்ணாடி கிடையாது. துப்பட்டா நுனியால் போன் திரையைத் துடைத்துக்கொண்டு "பக்காங்களா மாமா?" என்கிறாள். சரியான விடைக்குக் கேட்கிறாளா, தவறானதற்குக் கேட்கிறாளா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் மின்விசிறியைப் பார்க்கிறேன்.