அப்பாவை ஜப்பான் படத்துக்குக் கடத்திய ஞாயிறு

அக்காவின் ஓவியக் கல்லூரி விண்ணப்பம் மூன்று கிழமையாக எங்கள் டிவிக்கு மேல் படுத்திருந்தது. அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் குறை. திங்கட்கிழமை கடைசி நாள். "படம் கீறினா ஆர் சம்பளம் தாறது?" என்று கேட்டுவிட்டு அப்பா அதன்மேல் ரிமோட்டை வைத்துவிட்டார். போன ஞாயிறு நடந்த இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பயணக் கட்டுரை எழுதச் சொன்னது உண்மை. தகப்பனோடு போய்வந்து எழுதவேண்டும் என்பது மட்டும் என் கைச்சரக்கு.

எங்கள் ஊர் ஹரோவில் 12.40க்கு மெட்ரோபொலிட்டன் ரயில். பேக்கர் ஸ்ட்ரீட் இருபது நிமிடம். அங்கே பேக்கர்லூ ரயிலுக்கு மாறினால் எம்பாங்க்மென்ட் பத்து நிமிடம். பிறகு ஆற்றுக்கு மேலே நடைபாலம், ஏழு நிமிடம். அப்பாவோடு என்றால் பன்னிரண்டு. பாலத்தின் ஆணிகளைப் பரிசோதித்துக்கொண்டே வருவார். தென்கரையில் ஒரு சின்னப் படமாளிகை. மாணவர் டிக்கெட் மூன்று பவுண். இரண்டு மணிக்கு ஜப்பான் கார்ட்டூன்.

முதல் பத்து நிமிடம் ஒழுங்கான படம். ஒரு பெண் மழையில் நாயைத் தேடுகிறாள். ஒரு கதவைத் திறந்தாள். அந்தப் பக்கம் உலகமே வெறும் பென்சில் கோடு. அடுத்த கதவில் அவள் முகம் புகைப்படம், கைகால் நீர்வர்ணம்.

அப்பா என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, இதுக்கு மேல வேற படம் அடிச்சிருக்கிறாங்கள்."

அவரைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் வீட்டு வீடியோ கசெட் எல்லாம் அப்படித்தான். மாமாவின் கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துக் கிரிக்கெட் வரும்.

"இல்லையப்பா, படமே இப்பிடித்தான்."

"நீ சும்மா இரு. சொல்லிப்போட்டு வாறன்."

எழும்பிக் கதவுப் பக்கம் போய்விட்டார். என் திட்டம் அவ்வளவுதான் என்று கதிரைக்குள் புதைந்தேன்.

அப்போதுதான் கடல் வந்தது. கறுப்பு மையில், தூரிகையால் இழுத்த கடல். ஓர் அலை கிழித்த காகிதம், அடுத்தது சின்னப்பிள்ளையின் மெழுகுக் கிறுக்கல், அதற்கடுத்தது கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு கை கீறினது. பகிடி விட எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. என் நண்பர்கள் இதை நம்பமாட்டார்கள். அப்பாவின் நினைவு வந்து திரும்பிப் பார்த்தேன். கதவுப் பிடியில் கை, முகமெல்லாம் கடலின் வெளிச்சம். முடியும்வரை அங்கேயே நின்றார்.

கடைசியில் பெயர்கள் ஏறின. சனம் வெளியே போனது. அப்பா நகரவில்லை.

"இவ்வளவு பேருமோ கீறினது?"

"ஓம்."

"எல்லாருக்கும் சம்பளமோ?"

"பின்ன?"

திரும்பும்போது அவர் ஆணிகளைப் பார்க்கவில்லை. நடுப்பாலத்தில் நின்றார். "அக்கான்ரை போம் வீட்டிலையோ?"

விண்ணப்பத்தை என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கி விரித்தார்.

"கள்ளா. பேனை?"

அதை மட்டும் கொண்டுபோகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இடைவேளை கிடையாது, முதலே சாப்பிடுங்கள். கடல் வரும்வரை அப்பாவைக் கதவுக்கு வெளியே விடாதீர்கள். பேனை கட்டாயம். நாங்கள் பேக்கர் ஸ்ட்ரீட்டில், புறப்படக் காத்திருந்த ரயிலில், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் இரவல் வாங்கினோம். கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. ரயில் ஆடினது என்கிறார் அப்பா.

ரயில் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.