எர்த் பிடிக்காத முகப்பு விளக்கு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் ஓடிய கார்களில் என் கை படாத ஒயர் குறைவு. அந்த ஒயரிங் வேலையில்தான் வீடு கட்டினேன். உத்தமபாளையம் பக்கம் திராட்சைத் தோட்டம் வாங்கினேன். மகனுக்குத் தேனியில் ஹார்டுவேர் கடை வைத்துக் கொடுத்தேன். இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பெருமைதான். எனக்கில்லாமல் வேறு எவனுக்கு இருக்கும்?

அப்படிப்பட்ட என்னை என் மகன் கண் டாக்டரிடம் கூட்டிப் போனான்.

பேரன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு என் பழைய காரைத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். பெயிண்ட் அடிக்க விட்டோம். மருமகள் பெயிண்டரிடம், "அண்ணே, பானெட்டத் தொறந்தாலும் பளபளன்னு இருக்கணும். ஒரு போல்ட்டு கூட துருவாத் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். வண்டி கல்யாணப் பெண் மாதிரி வந்து நின்றது. கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் தோட்டத்திலிருந்து பொழுது சாயத் திரும்பினேன். விளக்கைப் போட்டால் சாமி மாடத்து விளக்கு மாதிரி மினுங்குகிறது. பாலத்துக் கட்டையில் பம்பரை உரசிவிட்டேன்.

மகன் காரை வீட்டுச் சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கைப் போட்டான். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"லைட்டு எரியுதுல்லப்பா? ஒங்க கண்ணுதான் சரியில்ல."

"ஏலே, ரெண்டடியில இருக்க செவுத்துல தீப்பெட்டியக் கிழிச்சாலும்தான் வெளிச்சம் தெரியும்!"

டாக்டர், புரை இப்போதுதான் தொடங்குகிறது, கார் ஓட்டத் தடையில்லை என்றார். மகன் காதில் புரை மட்டும்தான் விழுந்தது. கார்ச் சாவியை வாங்கித் தன் கொத்தில் கோத்துக்கொண்டான். நானே ஓட்டித் தோட்டத்துக்குப் போய்வருவது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. விடுவேனா? பேரனின் மாமனார், எங்கள் சம்பந்தி, வந்திருந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தேன். மகன் அவர் முன்னாலேயே சொன்னான்: "கோளாறு லைட்டுலதான்னு காட்டுங்க. சாவிய ஒங்க கையிலயே குடுத்துர்றேன்."

"சரியான பேச்சு" என்றார் அவர்.

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்தேன். விளக்கை எரியவிட்டு இண்டிகேட்டரைப் போட்டேன். இண்டிகேட்டர் அடிக்கிற தாளத்துக்கு முகப்பு விளக்கும் கண் சிமிட்டியது. அங்கேயே பிடிபட்டுவிட்டது. இது பல்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. கரண்டு வருகிறது, திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து விளக்குக்குள் நுழைகிறது. எர்த் இல்லை.

இரவு தங்கியிருந்த சம்பந்தியையும் சேர்த்து எல்லோரையும் கூப்பிட்டேன். பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்து விளக்கின் எர்த் ஒயரில் தொட்டேன். பட்டப்பகலில் கண் கூசியது. ஒயரை எடுத்தேன், மங்கியது. பெயிண்டர், எர்த் போல்ட்டு உட்காரும் இடத்திலும் வழவழவென்று பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே ஒயரை வைத்து முறுக்கியிருந்தான். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியச் சுரண்டி முறுக்கினேன்.

"பெயிண்ட எதுக்கு மாமா சொரண்டுனீக?" என்றாள் மருமகள்.

நான் மகனிடம் கையை நீட்டினேன்.

"லைட்டு இப்ப நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா இருட்டுல வேணாம்."

"சரி, பகல்லயே போய்ட்டு வாரேன். பகல்ல எதுக்குடா லைட்டு?"

சாவிக் கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வயசானவர வண்டி ஓட்ட விட்டுட்டு மகன் கடையில உக்காந்திருக்கான்னு பஜார்ல பேசுறாகப்பா" என்றான். சம்பந்தியைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணுமில்லை, விளக்குமில்லை. ஒயரில் இருக்கிற கோளாறென்றால் சுரண்டி எடுத்திருப்பேன்.

இப்போது சம்பளத்துக்கு ஒரு டிரைவர். நான் பின் சீட்டு. நான் சரிபண்ணிய விளக்கை எதிரே வருகிறவன் கண்ணில் முழுசாக அடித்துக்கொண்டு போகிறான்.

"டிம் பண்ணுப்பா."

"எல்லாம் தெரியும்ய்யா. நீங்க சாஞ்சு உக்காருங்க."

அப்படிச் சொல்ல என் மகன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.